"உள்ளே அமுக்காதே, வெளியே வரட்டும்": குழந்தைகளின் கரப்பானும் அதைச் சுற்றிய நம்பிக்கைகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

என் மகனுக்கு நான்கு மாதம் ஆனபோது கன்னத்தில் சிவப்பாக இரண்டு திட்டு வந்தது. எச்சில் பட்டுச் சிவந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். ஆறாம் மாதத்தில் கை கால்களுக்குப் பரவியது. ஒன்றரை வயதில் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து என்று எல்லா இடத்திலும் இருந்தது. இரவு முழுக்கச் சொறிவான். விடிந்து பார்த்தால் விரிப்பில் புள்ளி புள்ளியாக ரத்தம். பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் பார்த்தவுடன் பெயரைச் சொல்லிவிட்டார்: எக்ஸிமா. ஒரு சிறிய குழாய்க் களிம்பும், பெரிய டப்பாவில் ஈரப்பசைப் பூச்சும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் என் அம்மா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் பூசி உள்ளே அமுக்கிடாதேம்மா. உடம்புச் சூடு, வெளியே வரட்டும்," என்றார்.

பட்டம், அதற்கு மேல் முதுநிலைப் பட்டயம் எல்லாம் படித்த நான் என்ன செய்தேன்? அம்மா சொன்னதைக் கேட்டுக் களிம்பை நிறுத்தினேன். அதற்கு நாங்கள் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன். பிறகு மெல்ல மெல்ல ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. 'வெளியே வரட்டும்' என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் பாட்டிமார்களின் கண்டுபிடிப்பா? தேடிப் போனபோதுதான் தெரிந்தது, இதே வாக்கியத்தை ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய பெரிய மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஆசிரியர்களே, இது உங்களுக்கும் தொடர்பில்லாத கதை இல்லை. சிங்கப்பூரில் 7, 12, 16 வயது மாணவர்கள் 12,000 பேருக்கும் மேல் எடுத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. அதில் 20.8 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. உங்கள் வகுப்பில் 40 பேர் இருந்தால் அதில் எட்டுப் பேர். வெயில் கொளுத்தும்போதும் முழுக்கைச் சட்டை போட்டு வரும் பிள்ளை, உடற்கல்விப் பாடத்துக்கு அடிக்கடி சாக்குச் சொல்லும் பிள்ளை, காலையில் தூங்கி வழியும் பிள்ளை, இவர்களில் சிலர் அந்த எட்டில் இருப்பார்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழாசிரியர் வேறு எங்கே தொடங்குவது? எக்ஸிமா கிரேக்கச் சொல். 'கொதித்து மேலே வழிவது' என்று பொருள். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏட்டியஸ் என்ற மருத்துவரின் எழுத்தில் இந்தச் சொல் இருக்கிறது. நாமோ 'சூடு' என்கிறோம். கிரேக்கர்களும் நம் பாட்டிமார்களும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே உருவகத்தைப் பிடித்திருக்கிறார்கள். சிவந்து, கசிந்து, தொட்டால் சுடும் தோலைப் பார்த்த எவருக்கும் பானையில் பொங்கும் பால்தான் நினைவுக்கு வரும்.

தமிழில் இதற்குக் கரப்பான் என்று பெயர். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் பூச்சியை நினைத்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சித்த மருத்துவத்தில் குழந்தை நோய்களைப் பற்றிய பாலவாகட நூல்களில் கரப்பானுக்குத் தனி இடம் உண்டு. 'கரப்பான் பண்டம்' என்றே ஒரு சொல்லாட்சி இருக்கிறது. அதாவது, தின்றால் தோலில் பொரிக்கும் என்று நம்பப்பட்ட உணவு. என் அம்மாவின் பட்டியலில் கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை மூன்றும் கட்டாயம் இருக்கும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொறி, சிரங்கு, படை, கரப்பான் என்று நாம் எல்லாவற்றையும் கலந்து பேசுகிறோம். ஆனால் இவை ஒரே நோய் இல்லை. சொறி பெரும்பாலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு உண்ணியால் வருவது, மற்றவருக்குத் தொற்றும். படை என்பது பூஞ்சையால் வட்ட வட்டமாகப் பரவுவது, அதுவும் தொற்றும். கரப்பான் தொற்றவே தொற்றாது. 'பக்கத்தில் உட்காராதே, ஒட்டிக்கும்' என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னால், அது சொற்குழப்பத்தில் பிறந்த கொடுமை. மருந்திலும் இந்தக் குழப்பம் ஆபத்துதான். கரப்பானுக்குக் கொடுத்த ஸ்டிராய்டு களிம்பைப் படையில் பூசினால், சிவப்பு குறைந்து குணமானதுபோல் தெரியும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே போகும். இப்படி முகம் மாறிய படைக்கு 1968இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் 'மாறுவேடப் படை' என்ற பொருள்பட ஒரு பெயரே வைத்தார்கள்.

சரி, 'வெளியே வரட்டும்' கதைக்கு வருவோம்.

பழைய ஐரோப்பிய மருத்துவம் உடம்பில் நான்கு நீர்மங்கள் இருப்பதாக நம்பியது. நம் வாத, பித்த, கபத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மம் கெட்டால் உடம்பு அதைத் தோல் வழியாக வெளியே தள்ளும். எனவே தோலில் வரும் புண் நோய் அல்ல, கழிவு வெளியேறும் வாசல். வாசலை மூடினால் கழிவு உள்ளே திரும்பி மூளையையோ நுரையீரலையோ தாக்கும். கைக்குழந்தைகளின் தலையிலும் கன்னத்திலும் வரும் கசிவுக்கு அவர்கள் 'பால் பொருக்கு' என்று பொருள்படும் லத்தீன் பெயரை வைத்திருந்தார்கள். அது வந்தால் நல்லதுதான், கை வைக்காதே என்பது அக்கால மருத்துவர் பலரின் அறிவுரை. ஹோமியோபதியை உருவாக்கிய ஹானெமன், 1828இல், நாட்பட்ட நோய்கள் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே உள்ளே அமுக்கப்பட்ட சொறிதான் என்று எழுதினார். என் அம்மாவுக்கு ஹானெமன் யாரென்று தெரியாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

இந்த நம்பிக்கையை முதலில் ஆட்டிப் பார்த்தது ஓர் உண்ணி. சொறிக்குக் காரணம் கெட்ட ரத்தம் அல்ல, தோலுக்குள் குடைந்து வாழும் ஓர் உயிரிதான் என்று இத்தாலியின் பொனோமோ 1687இலேயே எழுதிவிட்டார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1834இல் பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் ரெனூச்சி என்ற கோர்சிக்கா மாணவர், எல்லாரும் பார்க்க, ஊசி முனையால் ஒரு நோயாளியின் தோலிலிருந்து அந்த உண்ணியை எடுத்துக் காட்டினார். அந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது பல்கலைக்கழகம் இல்லை. அவருடைய தீவில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து அப்படித்தான் எடுப்பார்கள். இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். பாட்டி வைத்தியம் எல்லாம் தவறு, மருத்துவர் சொன்னதெல்லாம் சரி என்று வரலாறு நமக்கு எளிதாகக் கோடு கிழித்துத் தருவதில்லை. கோர்சிக்காவில் பெண்கள் சரி, பேராசிரியர்கள் தவறு.

வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா 1844இல் சொறியைப் பற்றி விரிவாக எழுதினார். உண்ணியைக் கொன்றால் சொறி போகிறது. அமுக்கியதால் யாருக்கும் மூளை கலங்கவில்லை. அங்கிருந்து அவர் கரப்பானுக்குப் போனார். நல்ல தோலில் குரோட்டன் எண்ணெயைத் தேய்த்தால் சிவப்பு, கொப்புளம், கசிவு, பொருக்கு என்று கரப்பானின் எல்லாப் படிகளும் வரிசையாக வருவதைக் காட்டினார். முன்பு நான்கைந்து நோய்களாகப் பிரித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நோயின் பருவங்கள். தோலில் இருப்பதைத் தோலிலேயே மருத்துவம் பார்க்கலாம், பயப்படாதீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஹெப்ராவைக் கதாநாயகனாக்கி முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் பெயரால் புகழ்பெற்ற களிம்பு, ஈய ஆக்ஸைடை ஆலிவ் எண்ணெயில் காய்ச்சியது! ஈயம் நஞ்சு. அதே காலத்தில் கரப்பானுக்கு உள்ளே குடிக்கக் கொடுத்த ஃபௌலர் கரைசல் ஆர்செனிக், அதாவது பாஷாணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்ஸ்ரே கதிரையும் தோலில் காட்டிப் பார்த்தார்கள். சொறியாமல் இருக்கக் குழந்தைகளின் கைகளில் பட்டை வைத்துக் கட்டினார்கள். மருத்துவமனை வார்டில் கை கட்டப்பட்டு அழும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அரிப்பு என்பது வலியைவிடக் குறைந்த துன்பம் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு இரவு என் மகனோடு விழித்திருந்தால் போதும்.

ஹெப்ரா வெளிக்காரணத்தை அழுத்திச் சொன்னதில் ஒன்று விடுபட்டுப்போனது. அதை 1892இல் பாரிஸின் பெனியே பிடித்தார். இந்த நோய் குடும்பத்தில் ஓடுகிறது. இதே பிள்ளைகளுக்கு இழைப்பும் தும்மலும் வருகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது அரிப்பு, பிறகுதான் புண். 1923இல் அமெரிக்காவின் கோக்காவும் குக்கும் இந்தக் குடும்பப் போக்குக்கு 'அட்டோபி' என்று பெயர் வைத்தார்கள். 'இடம் பொருந்தாதது' என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள். 1933இல் வைஸும் சுல்ஸ்பர்கரும் அதைச் சேர்த்து 'அட்டோபிக் டெர்மடைட்டிஸ்' என்றார்கள். இன்று மருத்துவர் உங்களுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் இருப்பது அந்தப் பெயர்தான்.

சுல்ஸ்பர்கர் என்ற பெயரை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து அவரே திரும்ப வருகிறார்.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950இலேயே ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்துவிட்டது. ஆனால் அதிக அளவில் நீண்டநாள் கொடுத்தபோது முகம் வீங்கியது, எலும்பு தேய்ந்தது, மனம் கலங்கியது. 'ஸ்டிராய்டு' என்ற சொல்லுக்கு அப்போதே ஒரு நிழல் விழுந்துவிட்டது.

அடுத்து, இதைத் தோலில் பூசினால் என்ன என்று யோசித்தார்கள். கார்ட்டிசோனைப் பூசினால் பலனில்லை, ஏனென்றால் அது உடம்புக்குள் கல்லீரலில் வேறொரு வடிவமாக மாறிய பிறகுதான் வேலை செய்யும். அந்த மாறிய வடிவம் ஹைட்ரோகார்ட்டிசோன். 1952இல் சுல்ஸ்பர்கரும் விட்டனும் அதைக் களிம்பாகப் பூசிப் பார்த்தார்கள். கரப்பான் அடங்கியது. தோல் மருத்துவத்தை 1952க்கு முன், 1952க்குப் பின் என்று பிரிப்பவர்கள் உண்டு. குழந்தைகளின் கைகளைக் கட்டிப்போட்ட காலம் அங்கே முடியத் தொடங்குகிறது.

பிறகு வந்தது போட்டி. 1950களின் இறுதியிலிருந்து வேதியியலாளர்கள் அந்த மூலக்கூற்றில் ஃபுளோரின் சேர்த்து மேலும் மேலும் வலுவான களிம்புகளைச் செய்தார்கள். 1962இல் மெக்கென்சியும் ஸ்டவ்டனும் வலுவை அளக்க ஓர் எளிய சோதனையைக் கொண்டுவந்தார்கள்: பூசிய இடம் எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு வலு. பலமான களிம்பைப் பல மாதம் முகத்தில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்தது, சிவந்த ரத்தக் குழாய்கள் தெரிந்தன, மடிப்புகளில் கோடுகள் விழுந்தன. ஆக, ஸ்டிராய்டு பயம் வெறும் மூடநம்பிக்கை இல்லை. அதற்கு உண்மையான வரலாற்றுக் காரணம் இருக்கிறது. தவறு எங்கே நடக்கிறது என்றால், ஒரு கோடியில் இருக்கும் மிக வலுவான களிம்புக்கு நேர்ந்ததை, மறு கோடியில் இருக்கும் ஒரு விழுக்காட்டு ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும் சேர்த்துச் சொல்வதில். மிளகாய்த்தூளுக்கும் மிளகு ரசத்துக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமா என்ன?

இன்னொரு குழப்பமும் உண்டு. 1988 சோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பென் ஜான்சனின் பதக்கம் பறிக்கப்பட்டது. காரணம் ஸ்டிராய்டு. அது தசையை வளர்க்கும் வேறு வகை. களிம்பில் இருப்பது வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்கும் வகை. குடும்பப்பெயர் ஒன்று, குணம் வேறு. "பிள்ளைக்கு ஸ்டிராய்டா? மீசை முளைச்சிடாது?" என்று என் உறவினர் ஒருவர் கேட்டது இந்தக் குழப்பத்தினால்தான்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 200 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2000இல் வெளிவந்தது. 72.5 விழுக்காட்டினர் ஸ்டிராய்டு களிம்பைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையால் சொன்னபடி பூசாமல் விட்டவர்கள் 24 விழுக்காட்டினர். படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் வெட்கம். நான் அந்த 24இல் ஒருத்தி.

களிம்பை நிறுத்தியபின் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? தெரிந்தவர் ஒருவர் ஒரு கடையைச் சொன்னார். பெயர் ஒட்டாத சிறு டப்பா. "முழுக்க மூலிகை, ரசாயனமே இல்லை" என்றார் கடைக்காரர். பூசினோம். நான்கே நாளில் மகனின் தோல் பட்டுப்போல ஆகிவிட்டது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து டப்பா தீர்ந்தது, கடையில் சரக்கு இல்லை. ஒரு வாரத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பியது. சொறிந்த இடத்தில் சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் ஐந்து நாள் ஊசி மருந்தோடு இருந்தான். டப்பாவில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு முன் வேறு ஏதாவது பூசினீர்களா?"

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. லண்டன் சைனாடவுனில் மூலிகைக் கஷாயம் குடித்த பிள்ளைகளுக்குக் கரப்பான் குறைகிறது என்ற செய்தி மருத்துவர்களின் காதுக்குப் போனது. அவர்கள் அதை அலட்சியப்படுத்தவில்லை. முறையாகச் சோதித்து, பலன் இருப்பதாக 1992இல் எழுதினார்கள். எவ்வளவு நல்ல தொடக்கம்! ஆனால் அங்கே விற்கப்பட்ட மூலிகைக் களிம்புகள் பதினொன்றை எடுத்து ஆய்வகத்தில் பார்த்தபோது, எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டிராய்டு கலந்திருந்தது. அந்த ஆய்வு 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஸ்டிராய்டுக்குப் பயந்து மூலிகைக்குப் போனவர்கள், அளவு தெரியாமல் ஸ்டிராய்டைத்தான் பிள்ளைகளின் முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் சுகாதார அறிவியல் ஆணையம் இப்படிப்பட்ட கலப்படக் களிம்புகளைப் பற்றி அவ்வப்போது எச்சரித்து வருகிறது. மாயம்போல் வேலை செய்யும் பெயரில்லாத டப்பாவைக் கண்டால்தான் இப்போது எனக்குப் பயம்.

இனி உணவு. அட்டோபி என்ற கருத்து வந்தபின் ஒவ்வாமைச் சோதனைகள் பெருகின. முட்டையை நிறுத்து, பாலை நிறுத்து, கடலையை நிறுத்து என்று பட்டியல் நீண்டது. 1998இல் பிரிட்டனும் 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும், ஒவ்வாமைக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை வேண்டாம் என்றன. என் அம்மாவின் கரப்பான் பண்டப் பட்டியலுக்கு அறிவியல் முத்திரையே கிடைத்ததுபோல!

ஆனால் கடலை ஒவ்வாமை குறையவில்லை. லண்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு அதிகமாக அந்த ஒவ்வாமை இருப்பது 2008இல் தெரிந்தது. இஸ்ரேலில் தவழும் குழந்தைகளே 'பம்பா' என்ற கடலை நொறுக்குத்தீனியைச் சாப்பிடுவார்கள். கிடியன் லாக்கின் குழுவினர், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை, நான்கு முதல் பதினோரு மாத வயதில் சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குக் கடலை உணவு, பாதிப் பேருக்குக் கடலையே கிடையாது. முடிவு 2015இல் வந்தது. தொடக்கச் சோதனையில் ஒவ்வாமை தெரியாத குழந்தைகளில், ஐந்து வயதாகும்போது, கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 1.9 மட்டுமே. உலகெங்கும் அறிவுரை தலைகீழானது. இதைப் படித்துவிட்டுக் கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே கடலையை ஊட்டிப் பார்க்காதீர்கள். அந்த ஆய்வில் முதலில் ஒவ்வாமையைச் சோதித்த பிறகுதான் கொடுத்தார்கள், மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். உண்மையான உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் ஊகத்தின்பேரில் பாலையும் முட்டையையும் மீனையும் நிறுத்தி, வளரும் பிள்ளையை மெலிய வைப்பதில் பொருளில்லை.

தவிர்த்தால் ஏன் ஒவ்வாமை கூடுகிறது? விடையின் ஒரு பகுதி 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டியிலிருந்து வந்தது. மெக்லீன் என்ற ஆய்வாளரின் குழு ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவைப் பார்த்தது. தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டவும் ஈரத்தைப் பிடித்து வைக்கவும் உதவும் புரதம் அது. ஐரோப்பியர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு அந்த மரபணுவில் பழுது இருக்கிறது, அவர்களுக்குக் கரப்பான் வர வாய்ப்பு அதிகம். சுவரைக் கற்பனை செய்யுங்கள். செங்கல் இருக்கிறது, நடுவில் பூச்சு சரியில்லை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் உணவுத் துகளும் உள்ளே நுழைகின்றன. வாய்வழியே போனால் உடம்பு நட்பாக ஏற்றுக்கொள்ளக்கூடிய கடலை, பழுதான தோல்வழியே போகும்போது பகையாகிறது என்பது இன்றைய விளக்கம். சிங்கப்பூரிலும் இந்த மரபணுவை ஆராய்ந்தார்கள். இங்குள்ள சீனர்களிடம் காணப்படும் பழுதுகள் ஐரோப்பியர்களுடையவற்றிலிருந்து வேறுபட்டவை, பலவகைப்பட்டவை என்று 2011இல் தெரிந்தது. கரப்பான் உள்ள எல்லாருக்கும் இந்தப் பழுது இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கவனியுங்கள், கதை முழுவதும் திரும்பிவிட்டது. 'உள்ளே இருக்கும் கெட்டது வெளியே வருகிறது' என்றுதான் இரண்டாயிரம் ஆண்டு நம்பினார்கள். இப்போது, வெளியே இருப்பது உள்ளே போவதுதான் பெரும் சிக்கல் என்கிறார்கள்.

அதனால்தான் அந்தப் பெரிய டப்பா. ஈரப்பசைப் பூச்சை மருந்தாகவே நான் மதிக்கவில்லை, கன்னத்துக்குப் போடும் அலங்காரப் பூச்சாக நினைத்தேன். அதுதான் சுவருக்குப் பூச்சு. ஆனால் சுவர் உருவகத்தை அளவுக்கு மீறி நம்பிவிடவும் கூடாது. பிறந்த நாள்முதல் ஓராண்டு தினமும் பூசினால் கரப்பான் வராமலே தடுக்கலாம் என்று பலர் நினைத்தார்கள். பிரிட்டனில் 1,394 குழந்தைகளைக் கொண்டு சோதித்தார்கள். தடுக்கவில்லை என்று 2020இல் முடிவு வந்தது. குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்ப் பொருளாலும் கூடுதல் பலன் இல்லை என்று அதற்கு முன் 2018இல் இன்னோர் ஆய்வு சொன்னது. வந்த நோய்க்கு நேரடியாகத் தோலில் பூசுவது உதவும். வராமல் காக்காது.

நம் வீட்டுத் தேங்காயெண்ணெய்? 2014இல் பிலிப்பீன்ஸில், லேசான அல்லது நடுத்தரக் கரப்பான் உள்ள 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். தூய தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. இதை அம்மாவிடம் படித்துக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்துவதாக 2013இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. இயற்கை எண்ணெய் என்றாலே நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மருத்துவர் சொல்லாமல் குளியல் நீரில் கிருமிநாசினி ஊற்றினால் எரிச்சல் கூடலாம்.

புதிய மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984இல் ஜப்பானின் ட்சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் வந்தது. ஸ்டிராய்டு அல்லாத களிம்பாக 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான கரப்பானுக்கு டுபிலுமாப் என்ற ஊசி 2017இல் வந்தது. இவை யாருக்கு, எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு மிகவும் பயன்பட்ட கண்டுபிடிப்பு இவை எதுவும் இல்லை. 1991இல் லாங், ஃபின்லே என்ற இருவர் சொன்ன ஓர் அளவு. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகைவரை குழாயிலிருந்து களிம்பைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு, விரல்களையும் சேர்த்து, பரப்பைப் பூசப் போதும். அதற்குமுன் 'மெல்லிசாகப் பூசுங்கள்' என்று சொல்வார்கள். மெல்லிசு என்றால் எவ்வளவு? பயந்த தாய்க்கு மெல்லிசு என்பது ஒன்றுமே இல்லை. நான் பூசியது பூசாததற்குச் சமம், பிறகு 'இந்த மருந்து வேலை செய்யவில்லை' என்று குறை சொன்னதும் நானே.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று. இந்தக் கட்டுரையிலிருந்து ஆண்டுகளை மட்டும் மனனம் செய்யாதீர்கள். 1844, 1952, 2006, 2015 ஆகிய நான்கிலும் எந்த நம்பிக்கை உடைந்தது, எந்தச் சான்றால் உடைந்தது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். கருத்துவிளக்கக் கட்டுரையில் 'முன்னோர் சொன்னது', 'அறிவியல் சொல்வது' என்று இரண்டு கட்சியாகப் பிரித்து எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. கோர்சிக்காப் பெண்களை அந்த இரண்டில் எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் வரும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை மிகச் சிறியவை. வியர்வை அரிப்பைக் கூட்டும், எனவே அந்தப் பிள்ளையை மின்விசிறிக்கு அருகில் உட்கார வையுங்கள். "சொறியாதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். அது தும்மாதே என்று சொல்வதைப் போன்றது. உடற்கல்விக்குப் பின் முகம் கைகால் கழுவிப் பூச்சுப் போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் கேட்டால் கொடுங்கள்.

என் மகனுக்கு இப்போது ஏழு வயது. தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறான். நோய் முழுவதும் போய்விடவில்லை. தேர்வுக்காலப் பதற்றம் எனக்கு வந்தாலும் அவனுக்குத்தான் முழங்கை மடிப்பு சிவக்கிறது! பாட்டிதான் தினமும் குளித்தவுடன் பூச்சுப் போட்டுவிடுகிறார். கசியும் நாளில் குழாயை எடுத்துத் தன் விரல் ரேகைவரை பிதுக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, என்னைக் கூப்பிடுவார். "இந்த அளவு சரியாம்மா? இன்னும் கொஞ்சம் வைக்கவா?"